பத்துவிரல் படிவம்

கார்டிங் மிஷினுக்கு இருதயம் என்பவனின் வலது கையில் மூன்று விரலை எடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. விரல் இல்லை என்று குழு ஒப்புக்கொள்ளத்தான் நாலு வருடமும் சில்லறை மாதங்களும் ஆயின. இத்தனைக்கும் குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் கண் நன்றாகத் தெரியும். மூன்று பேர் கண்ணாடி வேறு போட்டிருந்தார்கள்.

இராஜபாளையத்தில் ஒரு நூல் மில். பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்கிற கார்டிங் பகுதியில் இருதயத்துக்குப் பதினேழு வருட சர்வீஸ். மிஷினை நிறுத்திவிட்டுத்தான் கழிவுப் பஞ்சை எடுக்க வேண்டும் என்று சுவரில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நிறுத்தினால் மேஸ்திரி குலம் கோத்திரம் எல்லாம் இழுத்து ஏசுவார் என்பது எழுதிப் போடாத விதி. மில்லில் எழுதாத விதிக்குத்தான் மதிப்பு. 1988 பங்குனியில் ஒருநாள் பகல் ஷிப்டில் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் போயின. காயத்தைச் சுற்றத் துணிக்கு எங்கேயும் அலையவில்லை. மருத்துவக் கட்டுத்துணி நெய்துதான் ஊரில் பலர் பிழைக்கிறார்கள்.

காயம் ஆறியதும் இருதயம் கேட்டது ஒன்றே ஒன்று. மில்லுக்குச் சொந்தமான பேண்டேஜ் கொட்டகையில் பொட்டலத்துக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. உட்கார்ந்து பார்க்கலாம், இரண்டு விரல் போதும். அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று லேபர் ஆபீசர் மிகவும் பிரியமாக எடுத்துச் சொன்னார்.

“ஒண்ணும் கவலப்படாதீரும். ஒமக்கு முடியலன்னா ஒம்ம மகள் இருக்காள்லா? வயசு வந்ததும் ஒம்ம எடத்துல எடுத்துக்கிடுவோம். மில்லு யாரையும் கைவிடாது.”

மகள் சகாயமேரி அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளை அந்த கேட்டுக்குள் விடுவதில்லை என்று இருதயம் அவள் பிறந்த அன்றே தீர்மானித்தவன். அதனால் லேபிள் ஒட்டுகிற வேலை அவனுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையாகத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துவிட்டால் பிள்ளை தப்பிவிடும் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

அந்த வேலைக்கு ‘தொழிலாளர் உடல்திறன் ஆய்வுக் குழு’ காகிதம் கொடுக்க வேண்டும். குழு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில், மாதத்தின் முதல் புதன்கிழமை கூடும். மாடிக்குப் போகிற படி செங்குத்தானது. கால் போனவர்கள் ஏறுவதற்குள் புதன்கிழமை முடிந்துவிடும் என்பது குழுவுக்கு ஒரு வசதி.

குமாஸ்தா வேதமணி முதலில் ஒரு ஃபாரத்தை நீட்டினார். அதில் பத்துக் கட்டம். பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும்.

இருதயம் ஏழு வைத்தான். வேதமணி ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். “மூணு காலியாக் கெடக்கே. ஃபாரம் நெறையலன்னா செல்லாது.”

“அய்யா, வெரல் இல்லைன்னு சொல்லத்தானே வந்திருக்கேன்.”

“இல்லைன்னு சொல்லவும் ஃபாரம் நெறைஞ்சிருக்கணும்லா? போயிட்டு அடுத்த மாசம் வாரும்.”

வேதமணி கெட்ட மனிதர் இல்லை. மூன்றாவது மாதம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலியான ஒவ்வொரு கட்டத்திலும் ‘மேற்படி விரலை நேரில் பார்த்தேன், அது இல்லை’ என்று கெசட்டில் பேர் வந்த அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். இருதயம் ஊர் முழுக்க அலைந்து கடைசியில் ஒரு மாட்டு டாக்டரைப் பிடித்தான். அவர் காணாமல் போன மூன்று விரலையும் தனித்தனியாகப் பார்த்து மூன்று கையெழுத்துப் போட்டார்.

ஆக, ஆவணியில் குழு அவனைக் கூப்பிட்டது.

நீள மேஜை, பச்சைத் துணி, ஆளுக்கொரு தட்டில் பால்கோவா. நடுவில் சேர்மன். அவர் தொடங்கும்போதே எழுந்து நின்றுகொண்டார்.

“இந்தக் குழு யார் வயிற்றிலும் அடிப்பதற்காக அமைக்கப்பட்டதல்ல. இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் பதினாறு குழுக்களுக்குத் தலைமை வகித்திருக்கிறேன். எந்தக் குழுவிலும் அவசரப்பட்டு யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. இதுவரை நாம் கண்ணால் பார்த்து மதிப்பிட்டுவந்தோம். அது விஞ்ஞானபூர்வமாக இல்லை என்று மேலிடம் கருதுகிறது. கண்ணால் பார்த்தால் இரக்கம் வந்துவிடுகிறது. ஆகவே இன்று முதல் ஒரு விஞ்ஞானி நம்மோடு அமர்கிறார்.”

விஞ்ஞானி என்று வந்தவர் அசன் முகம்மது. கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். எலும்பு மூட்டுப் பற்றித் தெரிந்த யாரையோ கேட்டுக் குழு எழுதிய கடிதம், எலும்பு என்ற ஒரே காரணத்துக்காக அவர் மேஜைக்குப் போய்விட்டது. அவர் கூச்ச சுபாவி. வர முடியாது என்று எழுதத் தெரியாமல் வந்துவிட்டார். வரும்போது வகுப்பில் காட்டுகிற மரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் எலும்புகள். வவ்வால் இறக்கை, காளையின் முன்னங்கால், குதிரையின் முன்னங்கால். மனிதக் கை மட்டும் பிளாஸ்டரில் செய்தது.

“இதப் பாருங்க,” என்றார் பேராசிரியர். எலும்பைத் தொட்டதும் அவருக்குக் கூச்சம் போய்விட்டது. “மேல ஒத்த எலும்பு. அதுக்குக் கீழ ரெண்டு. பொறவு சின்னச் சின்னதா ஒரு கொத்து. கடைசில வெரல். வவ்வால் பறக்குது, மாடு உழுவுது, நாம எழுதுறோம். வேல வேற வேற. ஆனா அடுக்கு ஒண்ணுதான். ஒவ்வொண்ணும் தனித்தனியா உண்டாயிருந்தா ஒரே அடுக்கு எதுக்கு வரணும்? இதெல்லாம் ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்ததுங்கறதுக்கு இது ஒரு ஆதாரம்.”

இருதயம் வந்த காரியத்தை மறந்து மேஜையருகே போய்விட்டான். வவ்வால் இறக்கைக்குள் ஊசி ஊசியாக விரல்கள் இருந்தன, எண்ணினால் ஐந்து. மரத்தில் தலைகீழாகத் தொங்குகிற சனியனுக்கு உள்ளே ஒரு கை இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. “நெசமாவாய்யா?” என்று கேட்டான். பேராசிரியருக்கு முகம் மலர்ந்தது. பதினைந்து வருடப் பாடத்தில் எந்த மாணவனும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த உற்சாகத்தில் அவர் இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டார். “மாட்டுக் கால்ல பின்னால ரெண்டு குட்டிக் குளம்பு தொங்கும், பாத்திருப்பீங்க. தரையில படாது. பழைய காலத்து வெரல்களோட மிச்சம் அது. இப்ப ரெண்டே வெரல்ல நிக்குது மாடு. குதிரை ஒத்த வெரல்ல ஓடுது. அதோட மூதாதைக்குக் கூடுதலா வெரல் இருந்துச்சுன்னு மண்ணுக்குள்ள தோண்டி எடுத்த எலும்புலயே தெரியுது. அடி மண்ணுல கெடச்சதுக்கு வெரல் ஜாஸ்தி, மேல வர வர கம்மி. தோண்டி எடுக்கிறத விட நேரடியான சாட்சி வேற எது?”

சேர்மன் பால்கோவாவைக் கீழே வைத்தார். “அப்படியானால் இரண்டு விரலில் மாடு ஏர் உழுகிறது.”

“உழுவுது. ஆனா அது லட்சக்கணக்கான தலைமொறையா...”

“வண்டி இழுக்கிறது. செக்குச் சுற்றுகிறது. லேபிள் ஒட்டுகிற வேலை கொடு என்று மாடு எந்தக் குழுவிடமும் மனுப் போட்டதில்லை.” சேர்மன் குமாஸ்தா பக்கம் திரும்பினார். “எழுதிக்கொள்ளும். மனுதாரர் மூன்று விரலை இழக்கவில்லை. தேவைக்கு மேல் இருந்ததைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். தரம், மாட்டுத் தரம். பழைய வேலைக்கே தகுதி.”

பேராசிரியர் எழுந்தார், வாயைத் திறந்தார், எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு மாடிப்படியில் இருதயத்தைப் பிடித்தார்.

“தம்பி, நான் சொன்னது அது இல்ல. மாட்டுக்கு வெரல் கொறைய எத்தனையோ லட்சம் வருசம் ஆச்சு. அதுக்கு ஏத்தாப்புல காலு, குளம்பு எல்லாம் மாறிச்சு.”

“தெரியுது சார். எனக்குத்தான் அம்புட்டு நேரம் குடுக்கல,” என்றான் இருதயம்.

வீட்டுக்கு வந்து அவன் சகாயமேரியிடம் தீர்ப்பைச் சொல்லவில்லை, வவ்வால் கையைத்தான் சொன்னான். அவள் நோட்டில் வரைந்து பார்த்தாள். அப்பன் காட்டிய இரண்டு விரலையும் பக்கத்தில் வரைந்து, மீதி மூன்றையும் புள்ளிக்கோட்டில் போட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு விலங்கியல்தான் படிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

இருதயம் மறுபடி கார்டிங்கில் நின்றான். இரண்டு விரலால் கழிவுப் பஞ்சைப் பிடிப்பது எப்படி என்று மாட்டிடம் கேட்க முடியாது. மூன்று வருடம் சமாளித்தான். 1991 ஐப்பசியில் வழுக்கிய பஞ்சைத் துரத்திக் கை உள்ளே போனது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று மதுரையில் சொன்னார்கள், எடுத்தார்கள்.

எடுத்த கையை அவன் மனைவி தங்கபாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். புருசன் கையைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. கட்டுத்துணியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து, கல்லறைத் தோட்டத்தில் மாமனார் மரியசூசையின் கல்லறையை ஒட்டிப் புதைத்தாள். உபதேசியார் வந்து சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். சோறு ஊட்டிய கை, தாலி கட்டிய கை என்று அவள் அழுதபோது பக்கத்தில் நின்றவர்களும் அழுதுவிட்டார்கள். இருதயம் மட்டும் அழவில்லை. தன் அடக்கத்துக்குத் தானே வந்து நிற்பவன் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

இனியாவது நாற்காலி கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சகாயமேரி அப்போது பதினொன்றாவது.

இந்த மூன்று வருடத்தில் குழு வெகுவாக முன்னேறியிருந்தது. சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கியது. குரங்கு ஐந்து, பன்றி நாலு, காண்டாமிருகம் மூன்று, மாடு இரண்டு, குதிரை ஒன்று. வெளியே பெஞ்சில் தீர்ப்பு வாங்கியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குருவம்மாளுக்கு டிராலி ஏறி ஒரு கால்விரல் போயிருந்தது. கோழிக்கு நாலு விரல்தான், அது நாள் முழுக்க நிற்கிறது என்று அவளை ஷிப்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஞ்சை உதறிப் பிரிக்கிற புளோ ரூமில் இருபது வருடம் பஞ்சுத் தூசியைத் தின்ற பால்சாமி, இருமல் நின்ற இடைவெளியில் தன் கதையைச் சொன்னார்.

“மண்புழுவுக்கு நுரையீரலே கெடையாதாம்டே. தோலு வழியா மூச்சு வுடுதாம். எனக்கு ரெண்டு நுரையீரல் இருந்தும் பத்தலைங்கேன்னு சேர்மன் வருத்தப்பட்டாரு.”

“நீரு என்ன சொன்னீரு?” என்றான் இருதயம்.

“என்னத்தச் சொல்ல? பேச மூச்சு இல்லயே.” அதற்குள் இருமல் வந்துவிட்டது.

உள்ளே இருதயம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். சேர்மன் அட்டவணையைப் பார்த்தார். குதிரைக்குக் கீழே இடம் இல்லை. அட்டவணையை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

“பேராசிரியரே, பாம்புக்குக் கை உண்டா?”

அசன் முகம்மது தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “இல்லங்க. அதோட மூதாதைக்குக் கால் இருந்துச்சு. மலைப்பாம்பு இடுப்புக்குள்ள இப்பவும் சின்னதா எலும்பு மிச்சம் இருக்கு.”

“கை இல்லாமல் மரம் ஏறுகிறதா, இல்லையா?”

“அய்யா, இது தப்பு.” பேராசிரியர் எழுந்துவிட்டார். “உயிர்களெல்லாம் சொந்தம்னு காட்டத்தான் இந்த ஆதாரம். ஒருத்தரை வச்சு ஒருத்தரைக் கழிக்கிறதுக்கு இல்ல. மிஷின்ல கை போறது பரிணாமம் இல்ல. இவருக்குக் கை போனாலும் இவர் பிள்ளைக்கு அஞ்சு வெரலும் இருக்கும்.”

“பார்த்தீர்களா!” சேர்மன் மேஜையைத் தட்டினார். “வம்சத்துக்கு நஷ்டமில்லை. பேராசிரியர் கருத்தைக் குறித்துக்கொள்ளும்.”

வேதமணி குறித்துக்கொண்டார். பேராசிரியர் பின்னால் எழுதி அனுப்பிய நாலு பக்க ஆட்சேபத்தை, எந்தக் கோப்பில் போடுவது என்று தெரியாமல் நன்றியுரைக் கோப்பில் சேர்த்தார்.

ஆனாலும் சேர்மன் அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. “கை இல்லை என்பது சரி. இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? பேராசிரியரே முன்பு சொன்னார், தோண்டி எடுப்பதுதான் நேரடியான சாட்சி என்று. இழந்த உறுப்பை மனுதாரர் சமர்ப்பிக்க வேண்டும்.”

தோண்டுவதற்குக் குழுவிடம் தனி ஃபாரம் இருந்தது. புதைக்கப்பட்டவர் பெயர் என்ற இடத்தில் ‘வலது கை’ என்று வேதமணி எழுதினார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. கைக்குத் தகப்பன் இருதயமா, இருதயத்தின் தகப்பன் மரியசூசையா? அரைமணி நேரம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் எழுதினார்.

அது முடிந்து ஒப்புதல் வர 1992 வைகாசி ஆகிவிட்டது. தங்கபாய் கல்லறைத் தோட்டத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

“பொதைச்சதத் தோண்டக் கூடாது. பாவம்,” என்றாள்.

“ஏட்டி, பிள்ளைக்காகத்தான்.”

அவன் இடது கையால் மண்வெட்டி பிடித்து, இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தோண்டினான். வலது கை இருந்தால் பத்து நிமிட வேலை. வலது கையைத்தான் தேடிக்கொண்டிருந்தான். மண் ஈரமாக இருந்தது. துணி பாதி மக்கியிருந்தது. ஆறேழு மாதத்தில் பூமி தன் பங்கை எடுத்துக்கொண்டு எலும்பை மட்டும் விட்டு வைத்திருந்தது. பொறுக்கிச் சேர்க்கும்போது அவனுக்கு அழுகை வந்தது. அடக்கத்தன்று வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. அப்பன் கல்லறையில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். பிறகு ஒரு பேண்டேஜ் அட்டைப்பெட்டியில் வைத்து பஸ் ஏறினான்.

குழுவின் மேஜையில் பெட்டியைத் திறந்தபோது பேராசிரியர் யாரும் சொல்லாமலே எழுந்து வந்தார். ஒவ்வொரு எலும்பாக எடுத்து வவ்வால் இறக்கைக்கும் காளைக் காலுக்கும் நடுவில் அடுக்கினார். சின்னக் கொத்து, உள்ளங்கை, மிஞ்சிய இரண்டு விரல். பிளாஸ்டர் கையைப் பெட்டியின் ஓரத்துக்குத் தள்ளினார். அடுக்கி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சேர்மனுக்கு இத்தனை நிறைவு எந்தக் குழுவிலும் கிடைத்ததில்லை. “இதுதான் ஆதாரம்! உயிர்களின் பொது மூதாதைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? தீர்மானம் ஒன்று. இந்தக் கையைக் குழுவின் கண்ணாடி அலமாரியில் நிரந்தரமாக வைக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே. மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும், பாச்சை உருண்டை போட வேண்டும், பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.”

இருதயம் பதினேழும் நாலும் இருபத்தோரு வருட சர்வீசில் கேட்டதும் உட்கார ஓர் இடம்தான். அது கைக்குக் கிடைத்துவிட்டது. “அய்யா, எனக்கு?” என்றான்.

“தீர்மானம் இரண்டு. மனுதாரர் பாம்புத் தரம். வேலைத்திறன் இழக்கவில்லை. ஆகவே லேபிள் வேலை தேவையில்லை.”

மில் சார்பில் வந்திருந்த லேபர் ஆபீசர் எழுந்தார். “ஒத்தக் கையோட கார்டிங்ல நிக்க விட மில்லு சட்டத்துல எடம் இல்லீங்க. வாரிசு இருக்கு. ஆனி மொதத் தேதி வந்து சேரட்டும். நூல் நூக்கிற ரிங் பிரேமுக்கு ஆள் வேணும்.”

“நல்லது. ஐந்து விரலும் இருக்கும் என்று விஞ்ஞானமே உறுதி சொல்லியிருக்கிறது,” என்றார் சேர்மன்.

இருதயத்துக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. நாலு வருடமாக அய்யா அய்யா என்று குனிந்தே நின்றவன் நிமிர்ந்தான்.

“எல்லா உசுருக்கும் மூதாதை ஒண்ணுதான்னீங்க. அப்ப நீங்களும் நானும் சொந்தந்தானே? வவ்வாலுக்கும் மாட்டுக்கும் சொந்தம் பாத்தீயளே, எனக்கு ஏன்யா பாக்கல? சொந்தக்காரன் பிள்ளைதான அது? ஒங்க பிள்ளைய ஒரு ஷிப்டு, ஒரே ஒரு ஷிப்டு அந்த மிஷின்ல நிப்பாட்டுங்க. பொறவு எம் பிள்ளையக் கூப்பிடுங்க.”

பேனாவை வைத்துக்கொண்டு வேதமணி கேட்டார், “இத எழுதவாங்க?”

“நிகழ்ச்சி நிரலில் இல்லையே,” என்றார் சேர்மன். பால்கோவா வந்தது.

வாரிசு வேலைக்கும் அதே பத்துக்கட்ட ஃபாரம் வேண்டும். சகாயமேரி ஆனி முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மாடி ஏறி வந்தாள். பன்னிரண்டாவதுக்கு வாங்கிய விலங்கியல் புத்தகம் அட்டை போடாமல் வீட்டில் கிடந்தது. இருதயம் கதவோடு நின்றுவிட்டான். மின்விசிறிக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால், அவன் கை சுத்தமாக இருந்தது. சகாயமேரி அதைப் பார்த்தாள். அடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தாள்.

வேதமணி மைப்பெட்டியைத் திறந்து, அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டத்தில் உருட்டினார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். வலது கை முடிந்து இடது கை. பத்தும் முடிந்ததும் ஃபாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை இருதயம் இந்த நாலு வருடத்தில் பார்த்ததில்லை.

“ஒரு கட்டம்கூடக் காலியில்ல! இந்த ஆபீசுக்கு இப்படி முழுசா ஒரு ஃபாரம் வந்து எம்புட்டு நாளாச்சு!”

நகலைக் கிழித்து அவளிடம் நீட்டினார்.

“இதப் பத்திரமா வச்சுக்கம்மா. பொறவு ஒப்பிட்டுப் பாக்கத் தேவப்படும்.”